அந்தக் கல் தமிழ் பேசிற்றா?

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை. செங்கற்பட்டில், கொளவாய் ஏரிக் காற்று வந்து தொடும் தெருவொன்றில், சிறு படிப்பகத்தில் இளைஞர்கள் கூடியிருந்தனர். 'அறிவியல் கண்ட அற்புதங்கள்' என்பது நமக்குத் தரப்பட்டிருந்த தலைப்பு. அற்புதம் என்னும் சொல்லை அறிவியலோடு இணைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் சுவரொட்டி அடித்தாகிவிட்டது, ஒட்டிய பசையும் காய்ந்துவிட்டது, என் செய்வது! பேசினோம். அணுவைப் பற்றிச் சொன்னோம், விண்மீனைப் பற்றிச் சொன்னோம். அவையோர் பணிவோடு கேட்டனர், சிலர் கொட்டாவியும் விட்டனர். அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிக்கு வந்தோம். அவை நிமிர்ந்தது. "பதினைந்து இலட்சம் ஆண்டுகட்கு முன்பே, ஐரோப்பா அறியாமை இருளிலே ஆழ்ந்து கிடந்த அந்த நாளிலேயே, இந்த மண்ணிலே தமிழன் கோடரி செய்தான், தோழர்களே!" என்று குரலை உயர்த்தினோம். கையொலி கூரையை எட்டிற்று.

கையொலி அடங்கியதும் பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். ஒன்பதாம் வகுப்பு, மெலிந்த குரல்.

"ஐயா, அந்தக் கோடரியைச் செய்தவர் தமிழர் என்று எப்படிக் கண்டார்கள்? கல்லில் எழுத்து ஏதாவது இருந்ததா?"

நாம் என்ன மறுமொழி தந்தோம் என்பதை எழுதக் கை கூசுகிறது. "தம்பி! தமிழ் மண்ணில் கிடைத்த கல்லைத் தமிழன் செய்யாமல், தாத்தாரியனா வந்து செய்துவிட்டுப் போனான்?" என்றோம். சிரிப்பலை எழுந்தது. சிறுவன் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அவன் தலை நிமிரவேயில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குனிந்த தலை நம்முடன் நடந்து வந்தது. காலட்சேப மேடையிலே, 'சாமி, பத்துத் தலையும் வைத்துக்கொண்டு இராவணன் எந்தப் பக்கமாகப் படுத்து உறங்குவான்?' என்று கேட்ட சிறுவனை, 'அதிகப் பிரசங்கி, உட்காரடா' என்று அடக்கிய கதைகளை எத்தனை முறை எள்ளி நகையாடியிருக்கிறோம்! அவர்கள் அதட்டினர், நாம் சிரிக்க வைத்தோம். வேறுபாடு அவ்வளவே. கேள்வி அங்கும் செத்தது, இங்கும் செத்தது.

ஆகவே, அந்த மாணவனுக்குத் தரவேண்டிய விடையை இங்கே, காலந் தாழ்ந்தேனும், தர முயல்கிறோம்.

செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு மின்தொடர் வண்டியில் செல்வோர் பல்லாவரத்தைக் கடந்தே செல்கின்றனர். குன்றைப் பார்ப்பார்கள், கட்டடங்களைப் பார்ப்பார்கள், பெரும்பாலும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். அந்தப் பல்லாவரத்திலேதான், 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது இளைஞர், செம்புறைச் சரளை வெட்டியெடுத்த பள்ளமொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வழியில் கிடக்கும் கல்லல்ல. இருபுறமும் செதுக்கப்பட்ட கல். கை செய்த கல். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்காலக் கருவியென்று அறிந்து எடுக்கப்பட்ட முதற் கல் அதுவே. பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரையிலே இத்தகைய கற்களைத் திரட்டி, 'இவை ஆதி மனிதன் செய்தவை' என்று பூசே தெ பெர்த் என்பவர் சொன்னபோது உலகம் அவரைப் பரிகசித்தது. 1859-இல்தான் ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து ஒப்புக்கொண்டனர். அதற்கு நான்கே ஆண்டுகளில் பல்லாவரம்! உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று ஆங்கில விவிலியத்தின் ஓரங்களில் அச்சிட்டுப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்தக் கணக்கை உடைக்கும் கல் கையில் வந்தபோது, அவர் கல்லைத் தூக்கி எறியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற தோழருடன் கொற்றலையாற்றுப் பகுதிக்குச் சென்றார், அத்திரம்பாக்கத்தைக் கண்டார். இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், 1997 வரை பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே.

ஃபூட்டால் ஒன்று மட்டும் சொல்ல முடியவில்லை: கல்லுக்கு வயது என்ன? அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1999 தொடங்கிச் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலிய ஆய்வாளர்கள் அங்கே மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்தனர். கோடரிகளை அடிப்படைக் களிமண் அடுக்குகளிலேயே கண்டனர். 2011-ஆம் ஆண்டு அவற்றின் வயதை வெளியிட்டபோது உலகத்து அறிஞர்கள் வியந்தனர். வயதைக் கண்ட முறை, வயதைக் காட்டிலும் வியப்பானது, கேளுங்கள்.

எங்கோ நெடுந்தொலைவில் விண்மீன்கள் வெடித்துச் சிதறுகின்றன. அங்கிருந்து புறப்பட்ட நுண்துகள்கள் நம் நிலத்தின்மீது இரவும் பகலும் பொழிந்த வண்ணம் உள்ளன. வெயிலில் கிடக்கும் பளிங்குக் கல்லில் அவை மோதும்போது, அதன் அணுக்கள் சில சிதைந்து, பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரு பொருள்கள் மிக மிகச் சிறு அளவில் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் மழை நின்றது போலாம், வரவு இல்லை. ஆனால் செலவு நிற்பதில்லை. இரண்டும் தாமாகவே அழிந்துகொண்டே வரும். அலுமினியம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டில் பாதியாகும். ஓட்டைக் குடங்கள் இரண்டு. ஒன்றின் ஓட்டை சிறிது, மற்றதன் ஓட்டை பெரிது. எந்தக் குடத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறதென்று ஒப்பிட்டுப் பார்த்தால், குடங்களைக் கிணற்றடியிலிருந்து எடுத்து வைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா? அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஆறனை இவ்வாறு அளந்தனர். 15 இலட்சத்துச் சொச்சம் ஆண்டுகள் என்று விடை வந்தது; 70,000 ஆண்டுகள் முன்பின் இருக்கலாம்.

ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் நம்பி வழக்கைத் தீர்ப்பாரா? இன்னொரு சாட்சியையும் அழைத்தனர். களிமண்ணில் கலந்துள்ள இரும்புத் துகள்கள், படியும் காலத்து நிலவுலகின் காந்தத் திசையைக் காட்டியவாறே உறைந்துவிடுகின்றன. நிலவுலகின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறுவதுண்டு. கடைசியாக நிலைமாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகட்கு முன்பு. கோடரி கிடந்த மண்ணில் துகள்கள் தலைகீழாகத் திரும்பியிருந்தன! எனவே கோடரி அதற்கும் மூத்தது. இரண்டு சாட்சியும் பொருந்தவே, எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும் 10,70,000 ஆண்டுகட்குக் குறையாது என்றனர்.

மீண்டும் 2018-இல் ஒரு செய்தி. அதே ஊரில், மேலடுக்குகளில், பெருங்கோடரியை விட்டுவிட்டு, கல்லைத் திட்டமிட்டுத் தட்டி மெல்லிய செதில்களைப் பெயர்க்கும் புதுத் தொழில் தோன்றியிருப்பதைக் கண்டனர். 7,200-க்கு மேற்பட்ட கருவிகளை ஆய்ந்தனர். புதைந்த மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அளக்கும் முறையால் அத்தொழிலுக்கு 3,85,000 ஆண்டு வயது கண்டனர். 64,000 ஆண்டு கூடலாம், குறையலாம். அதுவரை, அத்தகைய தொழில் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகட்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தாரால் இங்கே கொண்டுவரப்பட்டது என்ற கருத்து வலுவாக இருந்தது. அந்தக் கருத்து ஆட்டங்கண்டது. அறிஞர் அனைவரும் அப்படியே ஏற்றனரா? இல்லை. 'இந்தச் செதில்கள் உண்மையிலேயே அந்தப் புதுத் தொழிலைச் சேர்ந்தவையா?' என்று கேட்டவரும் உண்டு. கேட்டவரை எவரும் இனத்துரோகி என்று ஏசவில்லை.

'முன்பின்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே. 64,000 ஆண்டு கூடலாம், குறையலாம்! கிரேதாயுகத்துக்கு இத்தனை இலட்சம், திரேதாயுகத்துக்கு இத்தனை இலட்சம் என்று ஒரு நாள் கூடாமல் குறையாமல் கணக்குச் சொன்ன புராணம், எங்கேனும் 'முன்பின் இருக்கலாம், நாங்கள் தவறியிருக்கவும் கூடும்' என்று சொன்னதுண்டா? தன் அறியாமைக்கும் எல்லை வரைந்து காட்டுவது அறிவியல் ஒன்றே. சரி, படிப்பகத்தில் பேசிய நாமாவது அந்த முன்பின்னைச் சொன்னோமா? விழுங்கிவிட்டோம். கைதட்டலுக்கு அது இடைஞ்சல்.

இனி மாணவன் கேட்ட கேள்வி. செய்தவன் யார்?

அத்திரம்பாக்கத்தில் விலங்கின் பற்கள் கிடைத்தன. குளம்புகள் பதிந்த தடங்கள்கூடக் கிடைத்தன. மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. உலகில் வேறிடங்களில் கிடைத்தவற்றைக் கொண்டு, அந்தப் பழங்கோடரிகளைச் செய்தவர் 'நிமிர்ந்த மனிதர்' என்று அறிஞர் அழைக்கும் மூத்த இனத்தார் ஆகலாம் என்று கருதுகின்றனர். நம் இனத்தின் மிகப் பழைய எலும்பென்று 2017-இல் அறிவிக்கப்பட்டது மொராக்கோ நாட்டில் கிடைத்தது. வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். அப்படியாயின், 15 இலட்சம் ஆண்டுகட்கு முன் அத்திரம்பாக்கத்தில் அமர்ந்து கல்லைத் தட்டியவன் தமிழனுமல்லன், ஆரியனுமல்லன், சீனனுமல்லன். நம் மனித இனமே அல்லன்! 'ஐரோப்பா இருளில் கிடந்தது' என்று முழங்கினோமே, அன்று ஐரோப்பா என்ற பேரும் இல்லை, தமிழகம் என்ற பேரும் இல்லை. தமிழுக்கு நம்மிடம் உள்ள எழுத்துச் சான்று, கீழடிக் கணக்கை வைத்துப் பார்த்தாலும், 2,600 ஆண்டு. மொழி எழுத்துக்கு மூத்தது, ஐயமில்லை. ஆனால் ஐந்நூறு மடங்குக்கு மேல் மூத்ததா?

கல்லுக்கும் மண்ணுக்கும் முற்பட்ட குடி என்று மேடைதோறும் பேசுகிறோம். பாட்டில் அது அழகு. பாட்டை அளவுகோலாக்கினால் இடர். நம் பல்லாவரத்துக் குன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருங்கல்லுக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறையின்மேல் வைக்கப்பட்ட கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதால் வந்த பெயர். நம் ஊர்க் கல்லுக்குக் கல்லறைக்காரர் பெயர், அது கிடக்கட்டும். அக்கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அது தோன்றிய நாளில் இந்நிலவுலகில் மீன் இல்லை, புல் இல்லை, புழு இல்லை. குடி ஏது?

"போதும் ஐயா, போதும்! எதிரிகள் புட்பக விமானம் பறந்தது என்று அறிவியல் மாநாட்டிலேயே கட்டுரை படிக்கிறார்கள். நீரோ, நம் கையில் உள்ள கல்லையும் பிடுங்குகிறீரே!" என்று தோழர் ஒருவர் சினந்து கேட்கக்கூடும். கேட்கட்டும், நியாயமான சினம். 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் பழங்கால விமானங்களைப் பற்றிக் கட்டுரை படிக்கப்பட்டது உண்மை. 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய மாநாட்டில் கௌரவர் நூற்றுவரும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்று பேசப்பட்டதும் உண்மை. நாம் சிரித்தோம், நாடே சிரித்தது. எதற்காகச் சிரித்தோம்? அவர்கள் நம் எதிரிகள் என்பதற்காகவா, சான்றில்லாமல் பேசினார்கள் என்பதற்காகவா? முன்னதற்காக என்றால், நம் சிரிப்புக்கும் அவர்கள் பேச்சுக்கும் பெருத்த வேறுபாடில்லை. பின்னதற்காக என்றால், படிப்பகத்தில் நாம் பேசியபோதும் எவரேனும் சிரித்திருக்க வேண்டும்.

பிறர் மூடத்தனத்தை ஐயுறுவது எளிது. அதற்கு அறிவுகூட வேண்டியதில்லை, பகை இருந்தாலே போதும். நம் நெஞ்சைக் குளிர்விக்கும் செய்தி வரும்போது 'சான்று எங்கே?' என்று கேட்பதுதான் கடினம். அந்த இடத்தில் தவறியவர் பாமரர் மட்டுமல்லர். 1912-இல் இங்கிலாந்தின் சசெக்சுப் பகுதியில், பில்ட்டவுன் என்ற ஊரில், ஆதிமனிதனின் மண்டையோடும் தாடையும் கிடைத்தனவென்று அறிவித்தனர். 'முதல் மனிதன் ஆங்கில மண்ணிலே!' என்று படித்த பெருமக்கள் பூரித்தனர். மூளை பெரிது, தாடை மட்டும் குரங்கினது, எதிர்பார்த்தபடியே இருந்தது. 1925-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரேமண்ட் டார்ட், தாங் என்ற இடத்துக் குழந்தை மண்டையோட்டை எடுத்துக் காட்டி, 'மூளை சிறிது, ஆயினும் மனித வழியைச் சேர்ந்தது' என்றார். அவரைப் பொருட்படுத்துவார் அருகியே இருந்தனர். ஆப்பிரிக்கக் குழந்தைக்கு இடமில்லாதபடி ஆங்கிலப் பெரியவர் அரியணையை அடைத்துக்கொண்டிருந்தார்! 1953-இல் வேடம் கலைந்தது. மண்டையோடு பிற்கால மனிதனுடையது. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. பல்லை அரத்தால் அராவி, சாயம் பூசி, யாரோ புதைத்து வைத்திருந்தனர். நாற்பத்தொரு ஆண்டு! பெருமை கண்ணை மறைத்தால் நுண்ணோக்காடியும் பயன்படாது. ஆனால் இதையும் சொல்லவேண்டும்: பொய்யை உடைத்தவர்கள் பகை நாட்டாரல்லர், இலண்டன் அருங்காட்சியகத்தையும் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தையும் சேர்ந்த அறிஞர்களே. தங்கள் வீட்டுப் பெருமையைத் தாங்களே உடைத்தனர்.

நம்மிடையேயும் நன்னெறி இல்லாமலில்லை. 2025 ஜனவரி 23-இல் தமிழ்நாட்டு அரசு, சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று அறிவித்தது. நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்? ஆனால் அந்த மாதிரிகளை ஒரே இடத்தில் அளந்து நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்க ஆய்வகத்துக்கும், இலக்னோவுக்கும், அகமதாபாத்துக்கும் அனுப்பினர். பெருமைப்படுவதற்கு முன் பிறர் கையில் துலாக்கோலைக் கொடுப்பது என்றால் அதுதான். இன்னும் கேள்விகள் வரும், வரட்டும்.

ஐயப்பட்டுவிட்டால் மட்டும் அறிவாளியாகிவிடலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. இதை நமக்குக் கற்பித்தது மாமல்லபுரத்துக் கடல்.

'ஏழு கோயில்கள் இருந்தன. ஆறனைக் கடல் கொண்டது' என்று அந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லி வந்தனர். ஐரோப்பிய மாலுமிகள் அவ்வூரை 'ஏழு கோயில்' என்றே அழைத்தனர். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1788-இல் அச்சான கட்டுரையில் அக்கதையை எழுதி வைத்தார். கல்லூரி நாட்களில் நாம் அதைக் கேட்டபோது, 'செம்படவக் கட்டுக்கதை' என்று ஒரே சொல்லால் தள்ளினோம். சான்றைப் பார்த்துத் தள்ளினோமா? இல்லை, கதை என்றால் தள்ளவேண்டும் என்பதால் தள்ளினோம். அதற்கும் முன்பே, 2002-இல், தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் மூழ்கிப் பார்த்திருந்தனர். சுவர்களின் எச்சமும் செதுக்கிய கற்களும் கண்டிருந்தனர். நாம்தான் படிக்கவில்லை.

2004 டிசம்பர் 26. தமிழகக் கரையில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைக் குடித்த அந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்தில் மணலை அரித்துச் சென்றபோது, மறைந்து கிடந்த சிற்பப் பாறைகள் வெளியே தெரிந்தன. சிறிது வடக்கே சாளுவன்குப்பத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று தலைகாட்ட, அதனைப் பின்பற்றித் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். முருகன் கோயிலொன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. பல்லவர் காலத்துக் கல் வேலைக்கு அடியிலே அதற்கும் முந்திய செங்கற் கட்டடம். அந்தக் கோயிலைக் கடல் முன்பும் தாக்கியிருக்கிறது என்று அகழ்ந்தோர் கருதினர்.

சென்ற வாரம், படிப்பகத்தில் கேள்வி கேட்ட அந்த மாணவனையும் அவன் நண்பர் சிலரையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். கடற்கரைக் கோயிலருகே வழிகாட்டி ஒருவர், வந்திருந்த வெளியூராரிடம், "கீழே ஆறு கோயில் முழுசா நிக்குது சார்" என்று கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். மாணவன் நம்மைப் பார்த்தான். "ஏதோ சில கட்டடங்கள் அங்கே உள்ளன, தம்பி, முக்குளித்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆறு என்ற எண்ணிக்கையையும் முழுசாக என்பதையும் கதைதான் சொல்கிறது, கடல் இன்னும் சொல்லவில்லை" என்றோம். "அப்படியானால் மீனவர் சொன்னது பொய்யில்லையே ஐயா?" என்றான். இல்லை. நாம் தள்ளியதுதான் பிழை. வழிகாட்டி கூட்டியதும் பிழை. இரண்டுக்கும் நடுவில் 8 மீட்டர் தண்ணீர் இருக்கிறது, மூச்சைப் பிடித்து இறங்கவேண்டும்.

திரும்பி வந்து, அடுத்த ஞாயிறு அதே படிப்பகத்தில், அதே மேசைக்குப் பின்னால் நின்று, "சென்ற முறை நாம் சொன்னது தவறு, கோடரி செய்தவன் தமிழன் என்பதற்குச் சான்றில்லை, கேட்ட மாணவனை நகைக்க வைத்தது அதனினும் தவறு" என்று சொன்னோம். கையொலி இல்லை. முன்வரிசையில் இருந்த மூத்த தோழர் ஒருவர், கூட்டம் முடிந்ததும் அருகே வந்து, "இப்படியெல்லாம் பேசினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரமாட்டான், ஆசிரியரே" என்றார். சரியாக இருக்கலாம். அன்றே ஐந்தாறு பேர் குறைந்துதான் இருந்தனர்.

மாணவன் மட்டும் மீண்டும் எழுந்தான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

"ஐயா, அவர் தமிழ் பேசவில்லை, சரி. ஏதாவது பேசியிருப்பாரா?"

கல் செதுக்கும் தொழிலை மகனுக்கோ மகளுக்கோ சொல்லித்தரச் சிறிதேனும் பேச்சு வேண்டியிருந்திருக்கும் என்பார் சிலர். கையைப் பார்த்துக் கை கற்றுக்கொள்ளும், பேச்சு வேண்டியதில்லை என்பார் சிலர். எலும்பும் கல்லும் இன்றுவரை இருவருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. இவ்வளவையும் அவனிடம் சொன்னோம். அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

ஃபூட் திரட்டிய கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தன. வரும் ஞாயிறு, மாணவர் பதினால்வரோடு எழும்பூர் செல்கிறோம்; வண்டிச் செலவுக்குப் படிப்பகத் தோழர்கள் உண்டியல் குலுக்கியிருக்கின்றனர். போகும் வழியில் பல்லாவரத்தில் அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கலாமா என்று அவன் கேட்டான். அந்தச் சரளைப் பள்ளம் இன்று இருக்காது, கட்டடந்தான் இருக்கும் என்றோம். பரவாயில்லை ஐயா, குன்றாவது இருக்குமே என்றான். இறங்குவதாக முடிவு.